நான் கிழித்துப் போட்ட அட்டைகள்

தாத்தாவின் கருமக்கிரியை முடிந்த மறுவாரம், கிள்ளானில் இருந்த அவர் வீட்டைக் காலி செய்தோம். 2009-ஆம் ஆண்டு. எனக்கு அப்போது 20 வயது. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. நகை இருக்குமோ என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது காகிதம்தான். கோயில் திருவிழா மலர்கள், கல்யாண வாழ்த்து மடல்கள், தோட்டப் பள்ளியின் ஆண்டு மலர், நாடக நோட்டீஸ், சங்கக் கூட்ட அறிக்கை என்று 16 பக்கத்திலும் 24 பக்கத்திலும் தைத்த சிறு பிரசுரங்கள்.

மாமா பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொன்னார். நான்தான் தடுத்தேன். ஆனால், காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். பல பிரசுரங்களின் அட்டைகளைப் பூச்சி அரித்திருந்தது. கடைசிப் பக்கங்களில் முழுக்க விளம்பரம்: நகைக்கடை, மளிகைக்கடை, சைக்கிள் கடை. உள்ளே இருப்பதுதானே முக்கியம் என்று 11 பிரசுரங்களின் அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்தெடுத்தேன். மிச்சத்தை ஓட்டை போட்டு ஒரு ஃபைலில் சேர்த்தேன். கிழித்தவை குப்பைக்குப் போயின. “பாரு, எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கா” என்று அம்மா பாராட்டவும் செய்தார்.

நான் செய்தது என்ன என்பது நான்கு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில், 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகங்களின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

ஜே எங்கே போனது?

2013-இல் ஊடகத் துறையில் மேற்படிப்புக்காக அங்கே போயிருந்தேன். கைச்செலவுக்கு ஒரு பழைய நூலகத்தில் பகுதி நேர வேலை கிடைத்தது. அங்கே 1700 முதல் 1800 வரை அச்சான புத்தகங்களுக்கும் சிறு பிரசுரங்களுக்கும் புதிதாக நூற்பட்டியல் தயாரித்துக் கொண்டிருந்தார்கள். பட்டியல் எழுதும் அம்மையார் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். நான் அவருக்கு எடுபிடி. அளவுகோல் பிடிப்பது, பக்கம் எண்ணுவது, அவர் சொல்வதைக் கணினியில் தட்டுவது என் வேலை.

முதல் நாள் வெள்ளைக் கையுறை கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள்! அவர் சிரித்துவிட்டு, கையைக் கழுவி நன்றாகத் துடைத்து வரச் சொன்னார். கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் கனம் தெரியாது, ஓரம் கிழிந்துவிடும். பேனாவும் கூடாது, பென்சில் மட்டும்தான். புத்தகத்தை மேசையில் அகல விரித்து வைக்கக் கூடாது. இரு பக்கமும் நுரை மெத்தைத் துண்டுகளை வைத்து, அது திறக்கிற அளவுக்கே திறக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பெரிய புத்தகக் கடைகளில் பிரசுரங்களுக்கு அட்டை கிடையாது. ஓரத்தில் ஊசி நூலால் தைத்து அப்படியே விற்பார்கள். வாங்கியவர் பத்துப் பதினைந்து சேர்ந்ததும் பைண்டரிடம் கொடுத்து ஒரே புத்தகமாகக் கட்டிக்கொள்வார். அப்படி ஒரு தொகுதி என் முன்னால் இருந்தது. பழைய பட்டியலில் அதற்கு இருந்த பதிவு “பிரசுரங்கள், பலவகை” என்பதுதான். உள்ளே 14 தனித்தனி நூல்கள். வரி பற்றி ஒன்று, மத வாக்குவாதம் ஒன்று, ரொட்டி விலை பற்றி ஒன்று. அந்தப் பதினான்கும் நூலகத்தில் இருந்தன. ஆனால் இருப்பது யாருக்கும் தெரியாது. தேடி வருகிறவருக்குக் கிடைக்காத புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம்தானே.

என் முதல் கண்டுபிடிப்பு முதல் அவமானமாகவும் முடிந்தது. பழைய புத்தகங்களில் சில பக்கங்களின் அடியில் ஏ, பி, சி என்று எழுத்துகள் இருக்கும். ஒரு பெரிய தாளில் பல பக்கங்களை அச்சிட்டு மடிப்பார்கள். மடித்த கட்டுகளை வரிசை தவறாமல் அடுக்குவதற்கு பைண்டருக்கு அந்த எழுத்துதான் வழிகாட்டி. நான் பார்த்த புத்தகத்தில் ஐ முடிந்ததும் நேராக கே வந்தது. “ஜே கட்டு முழுசா காணோம்!” என்று ஓடினேன்.

ஒன்றும் காணாமல் போகவில்லை. அச்சகக்காரர்கள் இதற்குப் பழைய லத்தீன் வழக்கப்படி 23 எழுத்துகளைத்தான் பயன்படுத்தினார்கள். ஐ-யும் ஜே-யும் அவர்களுக்கு ஒன்று. யு-வும் வி-யும் ஒன்று. டபிள்யூ கிடையாது. “இல்லை என்று எழுதுவதற்கு முன்னால், இருந்திருக்க வேண்டுமா என்று பார்” என்றார் அம்மையார். அதை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்

நாம் புத்தகத்தின் அளவு என்றால் சென்டிமீட்டரில் சொல்வோம். 18-ஆம் நூற்றாண்டுப் புத்தகத்துக்கு அது மட்டும் போதாது. தாளை எத்தனை முறை மடித்தார்கள் என்று தெரிய வேண்டும். ஒருமுறை மடித்தால் ஃபோலியோ: 2 ஏடு, 4 பக்கம். இருமுறை மடித்தால் குவார்ட்டோ: 4 ஏடு, 8 பக்கம். மும்முறை மடித்தால் ஆக்டேவோ: 8 ஏடு, 16 பக்கம்.

ஓரங்களை வெட்டிய பிறகு மடிப்பு எப்படித் தெரியும்? தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். அப்போதைய தாள் கையால் செய்தது. கந்தல் துணியைக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் அள்ளிக் காயவைப்பார்கள். சல்லடைக் கம்பியின் தடம் தாளிலேயே நிரந்தரமாக நிற்கும். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்று என்பது போல் ஓடும் அந்த வரிகள் ஃபோலியோவில் நெடுக்காகவும், குவார்ட்டோவில் குறுக்காகவும், ஆக்டேவோவில் மறுபடி நெடுக்காகவும் இருக்கும். ஒரு காகிதத்தை எடுத்து நெடுக்குக் கோடு போட்டு மடித்துப் பாருங்கள், உடனே புரியும். அன்று ஒரு கம்பி வரியைப் பார்த்து “குவார்ட்டோ” என்று நானே சொன்னபோது கிடைத்த சந்தோஷம், பிறகு முதல் நேரலையில் மைக்கைத் திறந்தபோது கூடக் கிடைக்கவில்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பெயர், ஆசிரியர், ஆண்டு என்று மூன்றை எழுதினால் போதாதா?

போதாது. அந்த மூன்றையும் நம்ப முடியாது என்பதுதான் சிக்கல்.

முதலில் ஆசிரியர். 1719-இல் வந்த ‘ராபின்சன் குரூசோ’வின் தலைப்புப் பக்கத்தில் டேனியல் டீஃபோவின் பெயர் இல்லை. குரூசோவே எழுதியதாகப் போட்டிருந்தது. 1726-இல் வந்த ‘கலிவரின் பயணங்கள்’ நூலிலும் ஜொனாதன் ஸ்விஃப்ட் பெயர் கிடையாது. அரசியல் பிரசுரங்களில் “ஒரு கனவான்” என்றோ “நாட்டின் நண்பன்” என்றோ இருந்தாலே பெரிய விஷயம். சிறைக்குப் பயந்தவர்கள் பெயரை மறைத்தார்கள்.

அடுத்து ஊர். அலெக்சாண்டர் போப் 1728-இல் சக எழுத்தாளர்களைக் கிண்டல் செய்து ‘டன்சியட்’ என்ற நூலை வெளியிட்டார். முதலில் டப்ளினில் அச்சாகி, லண்டனில் மறுபதிப்பு ஆனதாகத் தலைப்புப் பக்கம் சொன்னது. அது வெறும் கண்கட்டு. இப்படிப்பட்ட இடங்களில் அச்சகத்தைக் கண்டுபிடிக்க, அத்தியாயத் தொடக்கத்தில் வரும் பூவேலைக் கட்டைகள்தான் உதவும். மரக்கட்டையில் விழுந்த ஒரு சிறு விரிசல் ஒவ்வொரு அச்சிலும் தெரியும். அதே விரிசல் வேறு எந்த அச்சகத்தின் புத்தகத்தில் இருக்கிறது என்று தேடுவார்கள். போலீஸ்காரர் கைரேகை பார்ப்பது போலத்தான்.

ஆண்டுக்கும் வருவோம். 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே “பிப்ரவரி 1720” என்று தேதி போட்ட ஒரு கடிதம், நம் கணக்குக்கு 1721 ஆக இருக்கலாம். “இரண்டாம் பதிப்பு” என்பதும் அப்படித்தான். விற்காமல் தங்கிய முதல் பதிப்புக்கே புதிய தலைப்புப் பக்கம் ஒட்டி, “இரண்டாம் பதிப்பு” என்று விற்ற கடைக்காரர்கள் உண்டு. மடிப்பையும் பக்க அடியில் உள்ள எழுத்துகளையும் ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும்.

வெற்றிடத்தையும் எழுது

ஒருநாள் அம்மையார் ஒரு மெலிந்த பிரசுரத்தை என் முன்னால் வைத்தார். தாமஸ் பெயினின் ‘காமன் சென்ஸ்’. அமெரிக்கா பிரிட்டிஷ் மன்னரிடமிருந்து விடுபட வேண்டும் என்று 1776 ஜனவரியில் பிலடெல்ஃபியாவில் வெளிவந்தது. அதிலும் ஆசிரியர் பெயர் இல்லை. அதே ஆண்டில் லண்டனில் ஜான் ஆல்மன் என்ற வெளியீட்டாளர் அதை மறுபதிப்பு செய்தார். மன்னரின் ஊரிலேயே மன்னரைத் தாக்கும் நூலைப் போட்டால் என்ன ஆகும்? ஆபத்தான சொற்களை விட்டுவிட்டு, அந்த இடங்களை வெறுமையாக அச்சிட்டார் ஆல்மன். வாங்கிய வாசகர்களில் சிலர் அமெரிக்கப் பிரதியைப் பார்த்து, விடுபட்ட சொற்களைத் தங்கள் கையாலேயே மையில் எழுதி நிரப்பிக்கொண்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், “காமன் சென்ஸ், தாமஸ் பெயின், 1776” என்று மட்டும் பட்டியலில் எழுதினால் இதில் எது தெரியும்? பயந்த வெளியீட்டாளரும் தெரியமாட்டார், துணிந்த வாசகரும் தெரியமாட்டார். அந்த நூலின் கதை அச்சில் இருந்த சொற்களில் மட்டும் இல்லை, இல்லாத சொற்களிலும் இருந்தது. “இருப்பதை எழுது. இல்லாததையும் எழுது. எது முக்கியம் என்று நீ முடிவு செய்யாதே. அது 200 வருடம் கழித்து வருகிறவர் வேலை” என்றார் அவர்.

அன்று மாலைதான் விளம்பரப் பக்கங்கள் பற்றிப் பேச்சு வந்தது. 18-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களின் கடைசியில், அதே கடையில் கிடைக்கும் மற்ற நூல்களின் பட்டியலை விலையோடு அச்சிடுவார்கள். ஆண்டு போடாத புத்தகத்துக்கு அதுதான் சாட்சி. விளம்பரத்தில் வரும் நூல் 1764-இல் வெளியானது என்றால், கையில் இருக்கும் நூல் அதற்கு முந்தியதாக இருக்காது. ஆனால் பைண்டர்கள் புத்தகத்தை அழகாகக் கட்டும்போது அந்தப் பக்கங்களைக் குப்பை என்று எடுத்துவிடுவார்கள். தலைப்புக்கு முன்னால் வரும் வெற்றுத் தலைப்பு ஏட்டையும் கழற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட பிரதியைக் “குறைப்பிரதி” என்று பட்டியலில் குறிக்க வேண்டும்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு முகம் சூடாகிவிட்டது. தாத்தாவின் பெட்டி, சைக்கிள் கடை விளம்பரம், குப்பைக் கூடை எல்லாம் கண்முன் வந்தன. சொல்லவா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. “எல்லா பைண்டரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள்” என்றார். அது திட்டியதைவிட அதிகமாக வலித்தது.

உலகத்துக்கே ஒரு பட்டியல்

அந்தச் சின்ன நூலகத்தில் நாங்கள் எழுதிய ஒவ்வொரு பதிவையும் ஒரு பெரிய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அதை ‘இ.எஸ்.டி.சி.’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குறுந்தலைப்புப் பட்டியல் என்று தமிழில் சொல்லலாம். அந்தக் காலத்துத் தலைப்புகள் சினிமா டிரெய்லர் மாதிரி முழுக்கதையும் சொல்லும். குரூசோவின் தலைப்பிலேயே 28 வருடத் தனிமை, கப்பல் உடைந்தது, கடற்கொள்ளையர் என்று எல்லாம் வந்துவிடும். அத்தனையையும் எழுத முடியாது என்பதால் தலைப்பைச் சுருக்கி எழுதினார்கள்.

1976-இல் லண்டனில் கூடிப் பேசி, 1977-இல் பிரிட்டிஷ் நூலகத்தில் வேலையைத் தொடங்கினார்கள். தலைமை ஏற்றவர் ராபின் ஆல்ஸ்டன், டிரினிடாட்டில் பிறந்தவர். 1701 முதல் 1800 வரையிலான நூல்களைப் பதிவு செய்வதே முதல் நோக்கம். வீட்டுக்கு வீடு கணினி வராத காலத்தில், தொடக்கத்திலிருந்தே கணினியில் பதிவு செய்யத் திட்டமிட்டார்கள். 1983-இல் பிரிட்டிஷ் நூலகத்தின் சேகரிப்புக்கான பட்டியல் மைக்ரோஃபிஷ் படத்தாள்களாக வெளிவந்தது. அமெரிக்க நூலகங்களும் சேர்ந்தன. பின்னர் 1473 முதல் 1800 வரை என்று எல்லையை விரித்தார்கள். இன்று அதில் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான பதிவுகள் உள்ளன. ஏறக்குறைய 2,000 நூலகங்களில் எந்தப் பிரதி எங்கே இருக்கிறது என்று அது சொல்லும்.

இங்கே நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஆங்கிலத்தில் உலகில் எங்கே அச்சானாலும், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் எந்த மொழியில் அச்சானாலும் இந்தப் பட்டியலில் இடமுண்டு. அப்படியானால் தமிழ் மண்ணும் அதற்குள் வருகிறது. டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியில் பாதிரியார்கள் நடத்திய அச்சகம், தாமஸ் டைக் எழுதிய ஓர் ஆங்கிலப் பாட நூலை 1716-இல் அச்சிட்டது. இந்தியாவில் அச்சான முதல் ஆங்கில நூல் என்று பொதுவாக அதைச் சொல்கிறார்கள். 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள், அங்கிருந்த பிரெஞ்சு அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அதை வேப்பேரியில் இருந்த பாதிரியார் ஃபாப்ரீசியஸிடம் ஒப்படைத்தார்கள். அந்த வேப்பேரி அச்சகத்தில்தான் 1779-இல் ஒரு பெரிய தமிழ்–ஆங்கில அகராதி அச்சானது.

அந்த அகராதியைத் “தமிழ்” என்று தேடினால் சுலபமாக அகப்படாது. ஏன் தெரியுமா? ஐரோப்பியர்கள் அப்போது தமிழை “மலபார் மொழி” என்று அழைத்தார்கள். தலைப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. வேப்பேரி என்ற ஊர்ப் பெயரின் முதலெழுத்து இன்று எழுதும் வி அல்ல, டபிள்யூ. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “சென்னையின் ஆங்கிலேய மிஷனரிகள்” என்று போட்டிருக்கிறது. ஆனால் அதைத் தொகுத்த ஃபாப்ரீசியஸ் ஒரு ஜெர்மானியர்! தலைப்பை உள்ளபடியே எழுதிவிட்டு, தமிழ், ஃபாப்ரீசியஸ், வேப்பேரி என்ற சரியான பெயர்களையும் பதிவில் சேர்த்து வைப்பது பட்டியலாளரின் கடமை. அவர் அதைச் செய்யாவிட்டால், நம் மொழியின் அகராதி நம் கண்ணில் படாமலேயே அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

மலேசியர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1701-இல் லண்டனில் ஆங்கிலம்–மலாய் அகராதி ஒன்று அச்சானது. எழுதியவர் தாமஸ் பௌரி, கீழைக் கடல்களில் கப்பல் ஓட்டி வியாபாரம் செய்தவர். அவர் இறந்து பல காலத்துக்குப் பிறகு, 1913-இல், இங்கிலாந்தின் ஒரு பழைய மாளிகையில் அவருடைய கடிதங்களும் கணக்குகளும் ஒரு பெட்டியில் கிடைத்தன. பெட்டியைத் திறந்தவர்கள் அதைக் குப்பையில் போடாதது நம் அதிர்ஷ்டம்.

ஆனால் இவ்வளவு பெரிய பட்டியலும் எல்லாவற்றையும் சேர்க்கவில்லை. நாடக நோட்டீஸ், டிக்கெட், அழைப்பிதழ், கடை முகவரி அட்டை போன்றவற்றை விதிப்படியே விலக்கினார்கள். எங்காவது கோடு போட்டால்தான் வேலை முடியும் என்பது நியாயம்தான். ஆனாலும் தாத்தாவின் பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவை என்று நினைத்தபோது, அவற்றை யார் எழுதுவார்கள் என்ற கேள்வி எனக்குள் விழுந்தது.

பட்டியலுக்கும் ஆயுள் கெட்டி என்று சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் மீது பெரிய இணையத் தாக்குதல் நடந்தது. இந்தக் குறுந்தலைப்புப் பட்டியல் உட்படப் பல சேவைகள் இணையத்திலிருந்து மறைந்தன. புத்தகங்கள் அலமாரியில் பத்திரமாகவே இருந்தன, அவற்றுக்கான வழிகாட்டிதான் காணாமல் போயிருந்தது. பிறகு ஐரோப்பிய நூலகங்களின் கூட்டமைப்பு ஒன்று கைகொடுக்க, பட்டியல் மீண்டும் பார்வைக்கு வந்தது. ஒரே இடத்தில் மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

அம்மா படித்த விளம்பரம்

வானொலி அறிவிப்பாளராக நான் பேசுவது காற்றோடு போகிற தொழில். காலையில் சொன்னது மாலையில் நேயர்களுக்கே நினைவிருக்காது. அதனாலோ என்னவோ, எழுதி வைப்பதில் எனக்கு ஆசை அதிகமாகிக்கொண்டே வந்தது. இணையத் தாக்குதல் செய்தியைப் படித்த வார இறுதியில், அந்த ஃபைலையும் தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

பெட்டியில் நான் கைவைக்காத பிரசுரங்கள் 9 மிச்சம் இருந்தன. அவற்றில் ஒன்று கோயில் திருவிழா மலர். ஆண்டு எங்கும் இல்லை. தமிழ் மாதமும் கிழமையும் மட்டும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு துணிக்கடை விளம்பரம். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, “இந்தக் கடையிலதான் உன் மாமாவுக்கு முதல் பள்ளிக்கூடச் சட்டை வாங்கினோம். கடை திறந்த புதுசு. ரெண்டே வருஷத்துல மூடிட்டாங்க” என்றார்.

மாமா பள்ளியில் சேர்ந்தது 1966. கடை இருந்தது இரண்டே வருடம். ஆண்டே இல்லாத மலருக்கு 1965 முதல் 1968-க்குள் என்று ஒரு காலம் கிடைத்துவிட்டது. அம்மையார் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். அதோடு நிற்கவில்லை. அந்தக் கடைக்கு எப்படி நடந்து போவார்கள், தாத்தா எப்படிப் பேரம் பேசுவார் என்று அம்மா ஒரு மணி நேரம் பேசினார். நான் கைபேசியில் பதிவு செய்துகொண்டேன்.

பிறகு ஃபைலைத் திறந்தோம். உள்ளே பிரசுரங்கள், நல்ல சுத்தமாக. பாட்டு இருக்கிறது, உரை இருக்கிறது. எந்த ஊர், எந்த அச்சகம், எந்த வருடம் என்பதற்கு ஒரு துப்பும் இல்லை. அம்மா புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “இதுல ஒண்ணும் ஞாபகம் வரலயே மா” என்றார். நான் கிழித்தது வெறும் காகிதத்தை அல்ல. அம்மா பேசியிருக்கக்கூடிய இன்னும் 11 மணி நேரத்தை.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். பெரிய நூலகம் வந்து அதைப் பட்டியலிடும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும், கைபேசியில் ஒரு அட்டவணை இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். தலைப்பை எழுத்துப் பிழை உட்பட உள்ளபடியே எழுதுங்கள். ஊர், அச்சகம், ஆண்டு, விலை இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் “இல்லை” என்று எழுதுங்கள். நீங்கள் ஊகித்ததைத் தனியாக, ஊகம் என்று குறியுங்கள். பக்கங்களை எண்ணுங்கள். யாராவது கையால் எழுதியிருந்தால் அதையும் பதியுங்கள். முன் அட்டை முதல் பின் அட்டை வரை, விளம்பரமும் வெற்றுப் பக்கமும் சேர்த்துப் படம் எடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகித் தாளைக் கெடுத்துவிடும். பட்டியலின் பிரதியை உறவினர் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள்.

எங்கள் பட்டியலில் இப்போது 20 பதிவுகள் உள்ளன. அவற்றில் 11-க்கு ஒரே குறிப்புதான். ஒவ்வொன்றிலும் அதைத் திரும்பத் திரும்ப என் கையாலேயே எழுதினேன்.

“குறைப்பிரதி. அட்டையும் விளம்பரப் பக்கங்களும் இல்லை. 2009-இல் பேத்தி கிழித்தது.”